துணைக்கு வருபவர் ரகசியமும் காக்க வேண்டும்

சிட்லபாக்கத்துக்கு அருகே தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை, 1928-இல் காசநோயாளிகளுக்காக டாக்டர் சௌரி முத்து தொடங்கியது. 1993 முதல் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் அங்கே சிகிச்சை தரப்படுகிறது. 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி. வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை மத்திய அரசு இலவசமாக்கியபோது, முதலில் அதை வழங்கிய எட்டு மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று.

மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அது பிறருக்குத் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, தொட்டுப் பேசுவதாலோ எப்போதுமே தொற்றியதில்லை. ஆனாலும் தெருவுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மருந்தை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. தன்னார்வலர் தேவைப்படுவது இங்கேதான்: மருத்துவமனைக்குக் கூடப் போக, மாத்திரை தீருமுன் நினைவூட்ட, உதவித்தொகை மனு எழுத, மனம் விட்டுப் பேச. 1998-இல் சென்னையில் தொடங்கிய பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் போன்றவை எச்.ஐ.வி. உள்ளவர்களே ஒருவருக்கொருவர் துணை நிற்க உருவானவை.

உதவியே ஆபத்தாகும் இடம்

தொண்டு அமைப்பின் பெயர் எழுதிய வண்டி வாசலில் நின்றாலே அக்கம்பக்கம் கேள்வி கேட்கும். எங்கே, எப்போது சந்திப்பது, யாரிடம் என்ன சொல்வது என்பதையெல்லாம் எச்.ஐ.வி. உள்ளவரே முடிவு செய்ய வேண்டும். புகைப்படம் கூடாது; வாட்ஸ்அப் குழுவில் பெயர் கூடாது.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. - எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017 ரகசியம் காப்பதைக் கட்டாயமாக்குகிறது. நம்பிச் சொன்ன தகவலை, சொன்னவரின் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. கணவன் அல்லது மனைவியிடம் சொல்லும் பொறுப்புகூட, சட்டம் வகுத்த நிபந்தனைகளோடு, மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே உண்டு, தன்னார்வலருக்கு இல்லை.

உரிமைகள்

எச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்குவதும், பள்ளியில் சேர்க்க மறுப்பதும், வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வதும், சிகிச்சை மறுப்பதும் சட்டப்படி பாகுபாடு. சம்மதமின்றிப் பரிசோதனையும் கூடாது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் மீது வெறுப்பைப் பரப்பி எழுதினாலோ பேசினாலோ மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

எங்கே முறையிடுவது?

* இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனையிலும், நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள மற்ற நிறுவனங்களிலும் புகார் அலுவலர் இருக்க வேண்டும். ரகசியம் கசிந்தாலும் அவரிடம் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.
* பாகுபாடு, சிகிச்சை மறுப்பு என்றால் மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவர் 30 நாளுக்குள் உத்தரவிட வேண்டும். மருத்துவ அவசரம் என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள்.
* நீதிமன்றத்தில் உண்மைப் பெயரை மறைத்து, புனைபெயரில் வழக்கு நடத்தக் கேட்கலாம்.
* ஆலோசனைக்கு 1097, சட்ட உதவிக்கு 15100.

மறுப்புக் கடிதம், குறுஞ்செய்தி, தேதி, சாட்சிகளின் பெயர் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். மனு எழுத தன்னார்வலர் உதவலாம்; கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவை மட்டும் அவர் எடுக்கக் கூடாது.