சுவடிப் படப்பதிவும் ஐ.எஸ்.ஓ. அளவும்: ஒரு விளக்கம்

பதிப்பாராய்ச்சி பற்றிப் பேசுமிடத்து நாம் பாடவேறுபாடுகளையே பெரிதும் கவனத்திற் கொள்கிறோம். அப்பாடங்கள் எம்மை வந்தடையும் சாதனத்தின் இயல்பினை ஆராய்வது குறைவு. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது ஏடே நேரடிச் சான்றாக இருந்தது. இன்று யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுவடிகளை ஆய்வாளர் பலர் நூலகம் நிறுவனம் போன்றவை வெளியிடும் எண்ணிமப் படங்களாகவே காண்கின்றனர். 1981 யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டமையால் ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு சுவடிகளும் அழிந்தன. ஏடு அழிந்தபின் படமே மூலமாகின்றது. எனவே அப்படத்தின் தரம் தொழினுட்பவியலாளருக்கு மட்டும் உரிய விடயமன்று.

ஐ.எஸ்.ஓ. என்னும் எண் பிலிம் காலத்தின் மரபுரிமையாகும். பிலிமில் அவ்வெண் உயர, வெள்ளி உப்பின் பரல்கள் பருத்துப் படம் சொரசொரப்படையும். டிஜிற்றல் கமராவின் நிலை வேறு. இங்கு எண்ணை உயர்த்துவதனால் உணரி கூடுதலான ஒளியைப் பெறுவதில்லை. பெற்றுக்கொண்ட சைகையே பெருக்கப்படுகின்றது.

படத்திற் காணும் ஒழுங்கற்ற புள்ளிகளை இரைச்சல் என்பர். அதன் முதற்காரணம் ஒளியின் இயல்பிலேயே உள்ளது. போட்டன்கள் மழைத்துளிகள் போன்று ஒழுங்கின்றி வந்து விழுகின்றன. ஒரு படப்புள்ளியிற் சராசரியாக 10,000 போட்டன்கள் பதியின், ஏற்றத்தாழ்வு அதன் வர்க்கமூலமாகிய 100. அதாவது நூற்றுக்கு ஒன்று. 100 மட்டுமே பதியின், ஏற்றத்தாழ்வு 10. அதாவது நூற்றுக்குப் பத்து. ஐ.எஸ்.ஓ. 100இலிருந்து 6400க்குச் செல்லும்போது கமரா 64இல் ஒரு பங்கு ஒளியைக் கொண்டே படத்தை அமைக்கின்றது. சைகையோடு ஒப்பிடுகையில் இவ்விரைச்சல் எட்டு மடங்காகும். மின்சுற்றின் இரைச்சலும் இதனுடன் சேரும்.

ஆகவே ஐ.எஸ்.ஓ.வே இரைச்சலைப் பிறப்பிக்கின்றது என்பது தோற்றத்தைக் காரணமாகக் கொள்ளும் தவறாகும். ஒளிப் பற்றாக்குறையே அடிப்படை. உயர்ந்த எண் அதனை வெளிச்சம்போற் காட்டுகின்றது. ஒளியைக் கூட்டாது எண்ணை மட்டும் தாழ்த்தி, இருண்ட படத்தைப் பின்னர் கணினியிற் பிரகாசமாக்கினாலும் இரைச்சல் குறையாது.

ஓலைச்சுவடியில் இதன் விளைவு பாரதூரமானது. எழுத்தாணிக் கீறல் நுண்ணியது. அதிற் பூசிய மையும் மங்கியிருக்கும். ஏடெழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவது அரிது. எனவே அருகிக் காணப்படும் புள்ளி முக்கியமான சான்றாகும். இரைச்சற் புள்ளி அதனோடு மயங்கின் பாடமே மாறும். இரைச்சலை அகற்றும் மென்பொருளோ மெல்லிய கீறலையும் சேர்த்தே அழித்துவிடலாம்.

கோயில் வீதியில் இரவுத் திருவிழாவைப் படமெடுப்போருக்கு உயர்ந்த ஐ.எஸ்.ஓ. தவிர்க்கவியலாதது, சுவாமி காவுவோர் அசைந்துகொண்டே இருப்பர். ஏடு அசைவதில்லை. கமராவைத் தாங்கியிற் பொருத்தினால், ஐ.எஸ்.ஓ. 6400இல் 1/125 செக்கனில் எடுக்கும் படத்தை 100இல் ஏறத்தாழ அரைச் செக்கனில் எடுக்கலாம். எண்ணைத் தாழ்த்தி ஒளிபடு நேரத்தை நீட்டுவதே இங்கு பொருத்தமான முறை.

தாங்கி, விளக்கு, நேரம், பயிற்சி பெற்ற உழைப்பு ஆகியவற்றுக்குச் செலவிடாது, நாளொன்றுக்கு எத்தனை ஏடுகள் என்ற எண்ணிக்கையை மட்டும் வேண்டுமிடத்துப் பாடம் மங்கும். ஒவ்வொரு படத்தோடும் ஐ.எஸ்.ஓ. அளவும் ஒளிபடு நேரமும் பதியப்படல் வேண்டும். ஏட்டின் நிலையை முன்னுரையில் விவரிக்கும் பதிப்பாசிரியர், தாம் வாசித்தது படமாயின், அதன் நிலையையும் விவரித்தல் கடனாகும்.