கிணற்று நீரின் குறையும் மக்காச்சோள விளைச்சலும்

ஏலமலைத் தொடர் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தன் மேற்குப் பக்கத்திலேயே வாங்கிக்கொள்வதால், அதன் கிழக்கு அடிவாரத்தில் மழைமறைவுப் பகுதியாக அமைந்த போடிநாயக்கனூர் வட்டார வேளாண்மை கொட்டக்குடி ஆற்றையும் கண்மாய்களையும் கிணறுகளையும் சார்ந்து நடக்கிறது. மலைமேல் ஏலத்தோட்டங்களில் மிகுமழை உப்புகளை அரித்துச் செல்வதால் மண் அமிலத்தன்மை கொண்டிருக்கிறது. அடிவாரத்திலோ, பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கும் நிலத்தடி நீர், பாறைக் கனிமங்கள் சிதையும்போது உண்டாகும் சோடியத்தையும் பைகார்பனேட்டையும் ஏற்றுக்கொள்ளும் வாய்ப்புடையது. அந்த அளவு கிணற்றுக்குக் கிணறு மாறுபடும் என்பதால், மக்காச்சோளம் பயிரிடுவோர் நீரின் குறையை முதலில் ஆய்ந்தறிந்து, அதைச் சீர்செய்து பாய்ச்சுவதன் பயனை வயலிலேயே சோதித்துப் பார்ப்பது இன்றியமையாதது.

குறைகள் இருவகைப்படும். முதலாவது உவர், அதாவது கரைந்த உப்புகளின் மிகுதி, நீரின் மின் கடத்துதிறனைக் கொண்டு அளக்கப்படுவது. மக்காச்சோளம் உவரை ஓரளவே தாங்கும். வேர் மண்ணின் சாற்றில் மின் கடத்துதிறன் மீட்டருக்கு 1.7 டெசி சைமனைத் தாண்டினால், கூடும் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் சுமார் 12 விழுக்காடு குறையும் என்று மாஸ், ஹாஃப்மன் ஆகியோர் 1977இல் தொகுத்துக் காட்டினர். இரண்டாவது களர்த்தன்மை. நீரிலுள்ள கார்பனேட், பைகார்பனேட் ஆகியவற்றின் கூட்டுத்தொகையிலிருந்து கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையைக் கழித்தால் கிடைப்பது எஞ்சிய சோடியம் கார்பனேட் எனப்படும். அது லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலன்டுக்குள் இருந்தால் நீர் பாதுகாப்பானது, 2.5ஐத் தாண்டினால் பாசனத்துக்கு ஒவ்வாதது என்று அமெரிக்க உவர்நில ஆய்வகம் 1954இல் வரையறுத்தது. களர் நீரின் பைகார்பனேட், மண்ணின் கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் படியச் செய்ய, அவ்விடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்வதால் களித்துகள்கள் பிரிந்து மண் துளைகளை அடைத்துவிடுகின்றன. மேல்மண் ஓடுபோல் இறுகி முளையைத் தடுக்கிறது, நீர் தேங்கி வேர் மூச்சுமுட்டுகிறது, துத்தநாகமும் பயிருக்கு எட்டாமற் போகிறது.

களர் நீருக்கு மருந்து ஜிப்சம் என்னும் கால்சியம் சல்பேட். கிணற்று மோட்டார் நீர் கொட்டும் இடத்தில் தொட்டி கட்டி, அதன் அடியிலிருந்து சற்று உயரத்தில் கம்பிவலை பொருத்தி, அதன்மேல் ஜிப்சக் கட்டிகளைப் பரப்பினால், கீழிருந்து ஏறி வழியும் நீர் கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு வாய்க்காலுக்குச் செல்லும். ஓர் ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் நீர் பாய்ச்சும்போது, எஞ்சிய சோடியம் கார்பனேட்டில் 1 அலகைக் குறைக்க ஏறத்தாழ 17 கிலோ தூய ஜிப்சம் தேவைப்படும் என்பது வேதிக்கணக்கு. ஆகவே அளவு 5ஆக இருக்கும் நீரை 2.5க்குக் கொண்டுவர, பாசனத்துக்கு 40 கிலோவுக்குச் சற்று மேல் ஆகும். ஜிப்சமும் ஓர் உப்பே என்பதால் உவர் நீரை அது சீர்செய்யாது. ஆய்வின்றித் தொட்டி கட்டுவது வீண்செலவாகக்கூடும்.

எனவே ஆய்வு பாட்டிலில் தொடங்க வேண்டும். மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் பலமுறை அலசி, காற்று நிற்காமல் நிரப்பி, சர்வே எண்ணும் தேதியும் எழுதி ஒட்டி, தாமதமின்றி ஆய்வகத்தில் சேர்ப்பது முறை.

அடுத்தது வயல் சோதனை. சரிவான நிலத்தில் மேற்பகுதி மண் ஆழமின்றிச் சரளையாகவும், கீழ்ப்பகுதி ஆழமாகவும் இருப்பதுண்டு என்பதால், மேலே சாதாரண நீரும் கீழே சீர்செய்த நீரும் பாய்ச்சி ஒப்பிட்டால், மண்ணின் ஆழம் தந்த விளைச்சல் ஜிப்சத்தின் கணக்கில் ஏறிவிடும். சரிவுக்குக் குறுக்காக நிலத்தைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் இருவகை நீருக்கும் பாத்திகளைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்கி, விதையும் உரமும் பாசன நாளும் மாறாமல் வைத்து, ஓரச் செடிகளை நீக்கி, ஒரே ஈரப்பதத்தில் மணியை எடைபோட்டால் மட்டுமே நீரால் விளைந்த வேறுபாடு தெரியும். சோடியம் பருவந்தோறும் மண்ணில் சேர்வதால், ஒரு பருவ முடிவோடு நின்றுவிடாமல் அறுவடைக்குப் பின் மண்ணையும் ஆய்வது அவசியம்.

காந்தப் புலத்தின் வழியே செலுத்திய நீர் விளைச்சலைக் கூட்டும் என்று விற்கப்படும் கருவிகளையும் இதே முறையில் சோதிக்கலாம். அவை குறித்த ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரியும், திருச்சியில் களர்நில ஆய்வில் நெடுங்கால அனுபவமுள்ள வேளாண்மைக் கல்லூரியும் இருக்கும்போது, இத்தகைய சோதனைகளை உழவர் நிலத்திலேயே அவர்களுடன் சேர்ந்து நடத்துவது, சிறு உழவரின் பணத்தையும் மண்ணையும் ஒருங்கே காக்கும் பொதுப்பணியாகும்.