கருப்பைச் சோதனையும் முன் மாத்திரையும்

பொன்னேரி, மீஞ்சூர்ப் பகுதிகளிலிருந்து இரயிலேறிக் கொருக்குப்பேட்டையில் இறங்கி, இராயபுரத்திலுள்ள அரசு ராஜா சர் இராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனைக்குச் செல்லும் பெண்கள் உண்டு. மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் உதிரம் காணுமாயின், அது சிறிதேயெனினும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். இதைப் பேசுவதற்கு ஆடவராகிய நாம் கூச்சப்படுகிறோம். அக்கூச்சத்தால் காலம் கடந்துவிடுகிறது.

கருப்பையின் உட்புறத்தை மெல்லிய குழல்போன்ற கருவியால் பார்ப்பதற்கு ஹிஸ்டிராஸ்கோப்பி என்று பெயர். பெரும்பாலும் மயக்க மருந்தின்றியே செய்து, அன்றே வீடு திரும்பலாம்.

“அதற்குமுன் போடும் மாத்திரையால் வலி தாங்காதாமே” என்று பெண்கள் அஞ்சுவதுண்டு. கருப்பை வாயை இளக்கும் மிஸோப்ராஸ்டால் என்பதே அம்மாத்திரை. முதலில் வயிற்றுப் புண்ணுக்கென வந்தது. வாய் இளகுவது உண்மையே. ஆயினும் அடிவயிற்று வலி, உதிரப்போக்கு, பேதி, குளிர்காய்ச்சல் ஆகியவை நேரலாம். இப்பொழுது 3.5 மில்லிமீட்டர் பருமனுள்ள கருவிகளே இருப்பதால் பலருக்கு அது தேவைப்படுவதில்லை. எல்லோருக்கும் வழக்கமாகத் தரவேண்டாமென இலண்டனிலுள்ள மகப்பேறு மருத்துவர்களின் அரச கல்லூரி 2011-ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது. வாய் மிகக் குறுகியிருப்பின் என்ன செய்வதென மருத்துவர் முடிவு செய்வார். வலி குறைய, ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாக வேறு மாத்திரை தருவதுண்டு.

மிஸோப்ராஸ்டாலைச் சீட்டின்றிக் கடையில் வாங்கி உண்ணலாகாது. கருவுற்றிருப்பின் கரு கலைந்துவிடும். கருவுற்றிருக்கலாமென்ற ஐயமிருப்பின் அதை மருத்துவரிடம் முதலிலேயே கூறவேண்டும். மாத்திரை தமக்கு அவசியந்தானா என்றும் அவரையே கேட்கலாம்.