பழைய 'வைஸ் சிட்டி' கேமை காசு கொடுத்தும் வாங்க முடியலையா? காரணம் இதுதான்

ஓசூர்:
பள்ளிக்கூடம் முடிந்ததும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து 'வைஸ் சிட்டி' ஆடிய பையன்கள் இன்று சிப்காட் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கிறார்கள். அன்றைக்கு ஆடியது பெரும்பாலும் காப்பி சி.டி. இப்போது சம்பளம் வருது, ஒரிஜினலாகவே வாங்கலாம் என்று ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் தேடினால், பழைய கேம் விற்பனைக்கு இல்லை.

ஜி.டி.ஏ. 3, வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் ஆகிய மூன்றையும் ராக்ஸ்டார் நிறுவனம் 2021 அக்டோபரில் ஆன்லைன் கடைகளில் இருந்து தூக்கியது. அடுத்த மாதம் 11-ந்தேதி, மூன்றையும் புது மெருகு போட்டு 'டிபனிட்டிவ் எடிசன்' என்று ஒரே கட்டாக விற்பனைக்கு விட்டது. பழசு மலிவாக பக்கத்திலேயே கிடைத்தால் புதுசை யார் வாங்குவார்? இதுதான் கணக்கு.

ஆனால் கணக்கு தப்பியது. புது கேமில் ஏகப்பட்ட கோளாறு. மழை பெய்தால் ரோடே தெரியவில்லை. ரசிகர்கள் கொந்தளிக்க, நவம்பர் 19-ந்தேதி நிறுவனம் மன்னிப்பு கேட்டது. கம்ப்யூட்டருக்கான பழைய கேம்களை தனது சொந்த கடையில் மட்டும் ஒரே கட்டாக மீண்டும் தருவதாகவும் அறிவித்தது.

பாட்டால் வந்த வினை

இன்னொரு முக்கிய காரணம் பாட்டு. வைஸ் சிட்டியில் கார் திருடி ஏறியதும் ரேடியோவில் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' ஓடியது ஞாபகம் இருக்கலாம். அந்த பாட்டு கேம் கம்பெனிக்கு சொந்தம் இல்லை. ஓசூரில் வீடு போக்கியத்துக்கு எடுப்பது போலத்தான். கெடு முடிந்தால் மறுபடி பணம் கட்ட வேண்டும், இல்லை காலி செய்ய வேண்டும். புது பதிப்பில் அந்த பாட்டு கிடையாது. 2008-ல் வந்த ஜி.டி.ஏ. 4-க்கும் 10 வருட கெடு முடிந்து, 2018-ல் பல பாட்டுகள் நீக்கப்பட்டன.

கார் கேம்களுக்கு கார் கம்பெனி பெயரே வாடகைதான். 'போர்ஸா ஹொரைசன் 4' கேம் 2024 டிசம்பரில் விற்பனையில் இருந்து போனதற்கு இத்தகைய உரிமங்கள் முடிந்ததே காரணம்.

நம்ம ஊர் பையன்களுக்கு நன்றாக தெரிந்த பி.ஜி.எம்.ஐ. கதை வேறு. 2022 ஜூலையில் மத்திய அரசு உத்தரவால் கடைகளில் இருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பி வந்தது.

வாங்கியவர் கதி என்ன?

பழைய வைஸ் சிட்டியை முன்பே ஸ்டீமில் வாங்கியவர்கள் இன்றும் டவுன்லோடு செய்து ஆடலாம். விற்பனைதான் நின்றது. ஆனால் சர்வரை நம்பி ஓடும் கேம் என்றால் சிக்கல். யூபிசாப்ட் நிறுவனம் 'தி குரூ' கேமின் சர்வரை 2024 மார்ச் கடைசியில் நிறுத்த, காசு கொடுத்து வாங்கியவர்களும் ஆட முடியாமல் போனது.

ஏனென்றால் ஆன்லைனில் வாங்குவது கேமை அல்ல, ஆடும் அனுமதியை மட்டுமே. இதை வாங்குபவரிடம் வெளிப்படையாக சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் சட்டமே உள்ளது.

அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு பஸ் ஏறிப் போய் வாங்கி வந்த பழைய ஒரிஜினல் டிஸ்க் யார் வீட்டு பரணிலாவது இருந்தால், எடைக்கு போடாமல் எடுத்து வைக்கலாம். அதில் 'பில்லி ஜீன்' இன்னும் இருக்கும்.