உப்புத் தண்ணீரில் விளக்கு எரியுமா?

டிசம்பர் பிறந்துவிட்டால் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சிக் காலம். நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகளைவிடப் பெற்றோருக்குத்தான் அப்போது காய்ச்சல் வருகிறது. சீதாபர்டி கடைவீதியில் தெர்மோகோல் தேடி அலைகிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்குப் பசை காய்ந்ததா என்று பார்க்கிறார்கள். அந்தச் சமயத்தில் ரெயில்வேயில் மின்பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற கிழவன் ஒருவன் பக்கத்துத் தெருவில் இருப்பதும் அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும்.

கொஞ்ச வருஷங்களாக என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் கேட்பது ஒன்றைத்தான்: "தாத்தா, உப்புத் தண்ணியில கரண்ட் எடுக்கணும்." கைப்பேசியில் படம் பார்த்துவிட்டு வருகிறார்கள். சோதனை நல்ல சோதனைதான், செலவும் குறைவு. ஆனால் அந்தப் படங்கள் சொல்லும் விளக்கம் பெரும்பாலும் தப்பு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் செய்முறை. நான்கு பிளாஸ்டிக் டம்ளர்கள், ஒவ்வொன்றிலும் முக்கால் பங்கு தண்ணீர், இரண்டு தேக்கரண்டி சாப்பாட்டு உப்பு. ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு செப்புத் தகடு, ஒரு துத்தநாகத் தகடு, ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும். பள்ளி ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கடைகளில் இந்தத் தகடுகள் கிடைக்கும். முதல் டம்ளரின் செம்பை இரண்டாவதின் துத்தநாகத்தோடு கம்பியால் சேர்த்து, அப்படியே நான்கையும் வரிசையாகக் கோர்த்து, இரு முனைகளிலும் ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கை மாட்டினால் அது எரியும். ஒரு டம்ளர் சுமார் முக்கால் வோல்ட் தரும். சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 1.8 வோல்ட் வேண்டும் என்பதால் மூன்று டம்ளரிலேயே மினுக்கென்று தெரியும், நான்கில் நன்றாகத் தெரியும். வெள்ளை விளக்கென்றால் 3 வோல்ட் அளவு வேண்டும், டம்ளரைக் கூட்ட வேண்டும். பழைய டார்ச் பல்பை மாட்டிப் பார்த்து ஏமாற வேண்டாம். அதற்கு வேண்டிய மின்னோட்டத்தை இந்த டம்ளர்கள் கொடுக்க மாட்டா.

விளக்கு எரிந்ததும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். பெற்றோர் புகைப்படம் எடுப்பார்கள். அட்டையில் கொட்டை எழுத்தில் 'உப்பு நீரிலிருந்து மின்சாரம்' என்று எழுதுவார்கள். கதை அங்கே முடிந்துவிடும்.

போன வருஷம் வந்த ஒரு பெண் குழந்தையிடம் அப்படி முடியவில்லை. ஏழாம் வகுப்பு. அப்பாவுக்குச் சேலம் பக்கம், இங்கே மத்திய அரசு வேலை. அவளும், "உப்பு கரைஞ்சுதானே தாத்தா கரண்ட் வருது?" என்றுதான் ஆரம்பித்தாள். நான் பதில் சொல்லவில்லை. "நீயே பாரு கண்ணு" என்று சொல்லி மல்டிமீட்டரைக் கையில் கொடுத்தேன்.

முதலில் ஒரு டம்ளரில் இரண்டு செப்புத் தகடுகளை உப்புத் தண்ணீரில் நிறுத்தினாள். அதே உப்பு, அதே தண்ணீர், மீட்டரில் பூஜ்யம். இரண்டும் துத்தநாகமாக வைத்தாள், அப்போதும் ஏறக்குறைய பூஜ்யம். பிறகு உப்பே போடாத குடிதண்ணீரில் ஒரு செம்பு, ஒரு துத்தநாகம். மீட்டர் கிட்டத்தட்ட பழைய வோல்ட்டையே காட்டியது! ஆனால் அப்படி நான்கு டம்ளர் கோர்த்தும் விளக்கு மட்டும் எரியவில்லை. சர்க்கரைத் தண்ணீரிலும் அதே கதை. கடைசியில் ஒரு ஆரஞ்சுப் பழம். நாகபுரியில் இருந்துகொண்டு எலுமிச்சையைத் தேடுவானேன்? பழத்தில் இரண்டு தகடுகளையும் குத்தினாள். ஒரு துளி உப்பு இல்லை, வோல்ட் வந்துவிட்டது.

இதிலிருந்து தெரிவது என்ன? வோல்ட் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இரண்டு உலோகங்கள்தாம். உப்பின் வேலை வேறு. துத்தநாகத்துக்கு எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும் குணம் செம்பைவிட அதிகம். அது கொடுத்துவிட்டுத் தானே கரைந்து தண்ணீருக்குள் போகிறது. எலெக்ட்ரான்கள் கம்பி வழியாக விளக்கைக் கடந்து செம்புக்கு வருகின்றன. அங்கே தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. கம்பி வழியே ஒரு பக்கம் நடக்கும் இந்த ஓட்டம் நிற்காமல் இருக்க, தண்ணீருக்குள்ளும் மின்னேற்றம் நகர வேண்டும். அதைச் சுமந்து போகிறவை உப்பு கரைந்து பிரிந்த சோடியம், குளோரைடு அயனிகள். ஸ்டேஷன் போர்ட்டர் மாதிரி. சுமப்பது அவர், சாமான் அவருடையது அல்ல. சர்க்கரையும் தண்ணீரில் கரைகிறது. ஆனால் அயனிகளாகப் பிரிவதில்லை, அதனால் சுமக்க ஆளில்லை.

ஆக்சிஜன் சொன்னேனே, அதையும் சோதித்துப் பார்க்கலாம். விளக்கு மங்கும் நேரத்தில் செப்புத் தகட்டின் அருகே கரண்டியால் மெதுவாகக் கலக்கிவிடுங்கள், வெளிச்சம் சற்றுத் தெளியும். தகட்டை ஒட்டியிருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோன இடத்துக்குப் புதுத் தண்ணீர் வந்து சேர்வதுதான் காரணம். உப்புக் காகிதத்தால் தகடுகளைத் தேய்த்துப் போட்டாலும் நல்ல வித்தியாசம் தெரியும். (தேய்க்கும் காகிதத்தின் பெயரிலும் உப்பு வந்துவிட்டது, பாருங்கள்.)

அந்தப் பெண் நினைத்தது போலவே பெரியவர்களும் ஒரு காலத்தில் குழம்பியிருக்கிறார்கள். இத்தாலியில் வோல்டா 1800-ல் உலகுக்கு அறிவித்த முதல் மின்கலத்தில் துத்தநாகமும் வெள்ளியும் வட்ட வட்டத் தகடுகளாக அடுக்கப்பட்டிருந்தன. நடுநடுவே உப்புநீரில் நனைத்த அட்டை. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொள்வதாலேயே மின்சாரம் பிறக்கிறது, அது தீரவே தீராது என்ற எண்ணம் வோல்டாவுக்கு இருந்தது. இல்லை, உள்ளே ஒரு ரசாயன மாற்றம் நடக்கிறது, அதற்குக் கணக்கு உண்டு என்று 1830-களில் தெளிவாகக் காட்டியவர் பாரடே. எவ்வளவு உலோகம் கரைகிறதோ அவ்வளவு மின்சாரம், ஒரு கிராம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

அந்தக் கணக்கைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவள் அடம்பிடித்தாள். இத்வாரி சராபாவில் எனக்குத் தெரிந்த நகைக்கடைக்காரர் ஒருவர் உண்டு. அவருடைய தராசு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். நான்கு துத்தநாகத் தகடுகளுக்கும் எண் போட்டு எடை எடுத்தோம். பிறகு ஐந்து நாள் விளக்கு எரிந்தது, நாளாக ஆக மங்கலாக. தகட்டின் மேல் படிந்த வெள்ளைப் பொடியைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, மறுபடி அந்தக் கடைக்குப் போனோம். ஒவ்வொரு தகடும் கால் கிராமுக்கு மேல் இளைத்திருந்தது. செப்புத் தகடுகள் அப்படியே இருந்தன. உப்பு? டம்ளர்த் தண்ணீரை வடிகட்டிக் காய்ச்சினாள், போட்டதில் பெரும்பங்கு திரும்பக் கிடைத்தது. (அதைச் சமையலுக்கு எடுத்துவிடாதீர்கள்.)

இப்போது ஒரு கணக்கு. கணக்கென்றால் பக்கத்தைத் திருப்பிவிடும் அன்பர்கள் இதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கிராம் துத்தநாகம் முழுக்கக் கரைந்தால் சுமார் 820 மில்லி ஆம்பியர்-மணி கிடைக்கும். முக்கால் வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 0.6 வாட்-மணி. ஆக, வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு, ஒன்றும் வீணாகவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், 1.6 கிலோ துத்தநாகம் வேண்டும். கிலோ இருநூறு ரூபாய்க்கு மேல் விற்கிற பொருள் அது. அந்தத் துத்தநாகத்தையும் தாதுவிலிருந்து பிரிப்பது மின்சாரம் செலுத்தித்தான், கிலோவுக்கு மூன்று யூனிட்டுக்குக் குறையாமல் ஆகிறது. ஐந்து யூனிட் செலவழித்துச் செய்த உலோகத்தைக் கரைத்து ஒரு யூனிட் எடுக்கிறோம்.

நான் வேலையில் சேர்ந்தது ட்ரெயின் லைட்டிங் பிரிவில். ரெயில் பெட்டியின் அடியில் தொங்கும் பேட்டரிப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். 110 வோல்ட் பெட்டிக்கு 56 ஈய-அமில செல்கள். செல்லுக்கு இரண்டு வோல்ட்டாகக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய சரியாக வரும். ஹைட்ரோமீட்டரை உள்ளே விட்டு ஒவ்வொரு செல்லின் அமில அடர்த்தியையும் எழுதுவதே இளவயதில் என் வேலை. பெட்டி விளக்கு பேட்டரியில் எரிகிறது என்றுதான் பயணிகள் நினைப்பார்கள். பேட்டரிக்குச் சார்ஜ் எங்கிருந்து வருகிறது? அச்சோடு பெல்ட்டால் இணைந்த ஆல்டர்னேட்டரிலிருந்து. அதைச் சுற்றுவது சக்கரம், சக்கரத்தை இழுப்பது எஞ்சின், எஞ்சினுக்குத் தீனி டீசலோ மேல் கம்பியில் வரும் மின்சாரமோ. இப்படிப் பின்னாலேயே நடந்து போய், கடைசியில் எது தீர்ந்துபோகிறது என்று பார்க்கும் வழக்கம் எங்கள் பிரிவில் எல்லோருக்கும் வந்துவிடும்.

டம்ளரில் நாம் விரும்பிச் செய்கிற இதே காரியம் வெளியில் நம்மைக் கேட்காமலே நடக்கும்போது அதற்குத் துரு, அரிப்பு என்று பெயர். கழிவறைக்குக் கீழே பெட்டியின் இரும்புத் தகடு அரித்துப்போவது பணிமனைக்காரர்களுக்குப் பழைய தலைவலி. அங்கே விழுவதும் உப்புத் தண்ணீர்தானே! பாம்பனில் 1914-ல் திறந்த பழைய பாலத்துக்கு ஆயுள் முழுவதும் கடல் காற்றோடுதான் போராட்டம். 2025-ல் திறந்த புதிய பாலத்திலும் துருப்பிடிக்காத எஃகும் பல அடுக்கு வண்ணப் பூச்சும் அதற்காகத்தான். கப்பலின் அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தி வைப்பார்கள். எஃகுக்குப் பதிலாக அவை கரையும்.

அப்படியானால் உப்புநீர் விளக்கு என்பதே புரட்டா? இல்லை. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் செய்த 'ரோஷினி' என்ற விளக்கு 2022 ஆகஸ்டில் அறிமுகமானது. கடல் நீரை ஊற்றினால் எல்.இ.டி. எரியும். படகில் போகும் மீனவருக்கு அது உதவி, ஏனென்றால் அவரைச் சுற்றி இருப்பதெல்லாம் உப்புத் தண்ணீர். புயல் வெள்ளத்தில் மின்சாரம் போன இடத்திலும் பயன்படும். அந்த விளக்கிலும் மின்முனைகள் இருக்கின்றன, வேலையும் அவற்றில்தான் நடக்கிறது. உப்பு வேறுபாட்டிலிருந்தே உண்மையாக ஆற்றல் எடுக்கும் முறையும் ஒன்று உண்டு. நல்ல தண்ணீரையும் உப்புநீரையும் ஒரு மெல்லிய சவ்வின் இரு பக்கமும் விட்டால் நல்ல தண்ணீர் உப்புப் பக்கம் பாயும். அந்த அழுத்தத்தில் டர்பைன் சுற்றலாம். நார்வேயில் 2009-ல் ஒரு மாதிரி நிலையம் தொடங்கி, கட்டுப்படியாகாமல் 2013-ல் கைவிட்டார்கள். ஜப்பானில் ஃபுகுவோகாவில் 2025-ல் ஒன்று ஓடத் தொடங்கியிருக்கிறது. அது டம்ளர் வேலை அல்ல.

இதை இவ்வளவு விஸ்தாரமாக எழுதக் காரணம் உண்டு. என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், பெயர் வேண்டாம், உப்புநீரில் ஓடும் இன்வெர்ட்டருக்கு ஏஜென்சி எடுக்கப் பணம் கட்ட இருந்தார். பெண்ணின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த தொகை. ஓர் ஓட்டல் அறையில் கண்ணெதிரே விளக்கு எரித்துக் காட்டியிருக்கிறார்கள். உப்பும் தண்ணீரும் மட்டும் போதும், வேறு செலவே இல்லை என்றார்களாம். 1996-ல் மூலிகை பெட்ரோல் என்று தமிழ்நாடே பரபரப்பானது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அங்கேயும் கண்ணெதிரேதான் வண்டி ஓடியது, பிறகு வழக்காகிக் கோர்ட்டுக்குப் போயிற்று. நண்பரிடம் நான் விவாதம் எதுவும் செய்யவில்லை. அந்தக் குழந்தையின் எடைக் கணக்கு நோட்டைக் காட்டினேன். மறுநாள் அவர் போன் செய்து, மாற்றுத் தகடு என்ன விலை, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறார். தகட்டைப் பற்றி யாரும் இதுவரை கேட்டதில்லை, மேலாளரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்களாம். இன்னும் சொல்லவில்லை. பணம் வங்கியில்தான் இருக்கிறது.

கண்காட்சியில் அவள் அட்டையின் தலைப்பு 'இந்த விளக்கு எதைத் தின்கிறது?' என்பது. 'உப்பு நீர் மின்சாரம்' என்று இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று பள்ளியில் சொல்லிப் பார்த்தார்கள், அவள் மாற்றவில்லை. பக்கத்து மேஜையில் புகை கக்கிய எரிமலைக்கு முதல் பரிசு. நடுவர்களில் ஒருவர் மட்டும் எடை நோட்டை வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தார் என்று அவள் அம்மா சொன்னார்.

வீட்டில் செய்யப்போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சுவர் பிளக்கிலிருந்து வரும் 230 வோல்ட்டை எக்காரணம் கொண்டும் உப்புத் தண்ணீருக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். உயிர் போகும். அப்படியும் சில படங்கள் உலவுகின்றன. சின்ன அடாப்டரோ பேட்டரியோ வைத்து உப்புத் தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்துவதும் வேண்டாம், குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் ஆபத்து. நாம் செய்வது மின்சாரத்தை வெளியே எடுப்பது மட்டும்.

எட்டு ஜோடித் தகடுகளும் ஒரு மல்டிமீட்டரும் என்னிடம் இருக்கின்றன. ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் எந்தப் பிள்ளை வந்தாலும் தருகிறேன். டம்ளரும் உப்பும் அவர்களே கொண்டுவர வேண்டும். ஆரஞ்சு கொண்டுவந்தால் இரண்டாகக் கொண்டுவரட்டும், ஒன்று சோதனைக்கு.