தெளிந்த நீரில் ஒரு நிழல்



புதுவையின் பாகூர் கொம்யூனில், வங்கக் கடலோரம் அமைந்த மீனவர் கிராமம் பனித்திட்டு. மேற்கே சென்றால் பாகூர் ஏரியும் நெல் வயல்களும். இத்தகைய வட்டாரத்தில் இரண்டு கிணறுகளிலிருந்து ஒவ்வொரு குவளை நீர் எடுத்து வந்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டும் பளிங்குபோல் தெளிந்துள்ளன. எதைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கலாம்?

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வயலுக்கு இடும் யூரியாவும், சாணமும், கழிவுநீரும் மண்ணில் நைட்ரேட்டாக மாறி, நிலத்தடி நீரில் இறங்கக்கூடும். இதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஆனால் ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தையின் வயிற்றில் இது நைட்ரைட்டாக மாறி, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. குழந்தையின் உடல் நீலம் பாரிக்கிறது. எனவேதான் இந்தியத் தர நிர்ணய அமைவனம் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் என எல்லை வகுத்துள்ளது. காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும்.

நம் கண்ணுக்கு ஒளிபுகும் நைட்ரேட், புறஊதாக் கதிருக்குத் தடையாக நிற்கிறது. 220 நானோமீட்டர் அலைநீளத்தில் அது கதிரை நன்கு உட்கவர்ந்து 'நிழல்' போடுகிறது. அந்த நிழலை அளப்பதே நிறமாலை ஒளிமானி, அதாவது ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர். புறஊதாப் பகுதியிலும் எளிதில் அளக்கவல்ல கருவியை அமெரிக்காவின் ஆர்னால்டு பெக்மன் குழுவினர் 1941-இல் வெளியிட்டனர்.

கருவியின் உள்ளே என்ன நடக்கிறது? விளக்கின் ஒளியைக் கீற்றணி பல அலைநீளங்களாகப் பிரிக்கிறது. ஒரு குறுகிய பிளவு அவற்றில் நமக்கு வேண்டியதை மட்டும் அனுப்புகிறது. அது நீர் நிறைந்த சிறு செல்லைக் கடந்து உணர்கருவியில் விழுகிறது. நூற்றில் பத்துப் பங்கு ஒளி கடந்தால் உட்கவர்வு எண் 1. ஒரு பங்கு மட்டும் கடந்தால் 2. செறிவு இருமடங்கானால் இந்த எண்ணும் இருமடங்காகும். இதுவே பீர்–லாம்பெர்ட் விதி.

ஓர் உதாரணம். லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள கரைசல் 0.6 காட்டுவதாகக் கொள்வோம். கிணற்று நீரை ஐந்து மடங்காக நீர்க்கச் செய்து அளந்தால் 0.9 வருகிறது. அப்படியானால் நீர்த்த கரைசலில் 15; கிணற்றில் 15 × 5 = 75 மில்லிகிராம். எல்லையைத் தாண்டிவிட்டது!

நீர்க்கச் செய்வது ஏன்? கருவிக்குள் வழிதவறிச் சிதறும் ஒளியும் உணர்கருவியில் விழும். உண்மையில் ஒரு பங்கு ஒளியே கடந்திருக்க, சிதறொளி ஒரு பங்கு சேர்ந்தால் 2 என்பது 1.7 ஆகிவிடும். கெட்ட நீர் நல்ல நீராகத் தோன்றும்! மேலும், நீரில் கரைந்த இலைதழைச் சத்துகளும் 220-இல் கதிரைக் கவரும். ஆகவே நைட்ரேட் கவராத 275 நானோமீட்டரிலும் அளந்து, அந்த எண்ணின் இருமடங்கைக் கழிப்பது வழக்கம்.

சரி, கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? விலைப்பட்டியலைப் புரட்டுமுன் எதை அளக்கப் போகிறோம் என்று கேளுங்கள். நீரிலுள்ள இரும்பையா? பினாந்த்ரோலின் சேர்த்தால் ஆரஞ்சுச் சிவப்பு நிறம் வரும். 510 நானோமீட்டரில் அளக்கலாம். டங்ஸ்டன் விளக்கும் கண்ணாடிச் செல்லும் கொண்ட எளிய நிறமானியே பள்ளிக்குப் போதும். மேற்சொன்ன முறையில் நைட்ரேட்டையா? அப்போது புறஊதா தரும் டியூட்டிரிய விளக்கு போன்றதொரு விளக்கும், குவார்ட்ஸ் செல்லும் வேண்டும். சாதாரணக் கண்ணாடி புறஊதாவைத் தானே விழுங்கிவிடும். சிதறொளி குறைவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நாள் முழுதும் அளக்கும் ஆய்வகமானால், விளக்கின் ஏற்ற இறக்கத்தை ஈடுசெய்யும் இரட்டைக் கற்றைக் கருவி நல்லது.

விலை உயர்ந்த கருவியும் தவறான செல்லை வைத்தால் பொய் சொல்லும். அடுத்த முறை தெளிந்த நீரைக் கண்டால், 'எந்த ஒளியில் தெளிவு?' என்று கேட்டுப் பாருங்கள்.