நீரில் தெரியும் மலை

மலையும் நீரும் ஒருங்கே அமைந்த இடங்கள் மனிதனின் கண்ணையும் கருத்தையும் என்றும் கவர்ந்து வந்துள்ளன. காற்றடங்கிய விடியற்பொழுதில் ஏரிக்கரையில் நின்று நோக்குவார்க்கு, மேலே ஒரு மலையும் கீழே ஒரு மலையுமாகக் காட்சி இரண்டாகத் தோன்றும். அக்காட்சியைப் படம்பிடித்து வருவதற்காகவே கடல் கடந்து பயணம் செய்வோர் உளர். "நீரில் தெரிவது மலையின் நகல்தானே? படத்தின் மேற்பாதியைத் தலைகீழாக்கி ஒட்டினால் கீழ்ப்பாதி ஆகிவிடாதா?" என்று கேட்போரும் உளர். கணினியின் துணைகொண்டு அவ்வாறே செய்து, தாம் நேரிற் கண்டதாகக் கூறி வெளியிடுவோரும் இன்று உள்ளனர். நீரில் தெரிவது நகல் அன்று. அது வேறோர் இடத்திலிருந்து காணப்பெறும் வேறொரு காட்சி. இவ்வுண்மையை விளக்குவதும், அக்காட்சியை உள்ளது உள்ளவாறே படமாக்கும் முறையைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏரியும் மலையும்

விளக்கத்திற்கு ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். சுவிட்சர்லாந்து, இத்தாலி ஆகிய இரு நாடுகளின் எல்லையில் நிற்பது மாட்டர்ஹார்ன் மலை. அதன் உயரம் 4,478 மீட்டர். 1865ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் எட்வர்ட் விம்பர் என்பாரும் அவருடன் சென்ற அறுவரும் முதன்முதலாக அதன் உச்சியை அடைந்தனர். இறங்கும்போது அவர்களுள் நால்வர் விழுந்து மாண்டனர். கூர்மையான கூம்பு வடிவமும் இத்துயர வரலாறும் சேர்ந்து அம்மலையை உலகறியச் செய்தன.

அம்மலையின் அடிவாரத்து ஊர் செர்மாட். அங்கிருந்து கோர்னர்கிராட் என்னும் உயர்ந்த முகட்டிற்குப் பல்சக்கர இரயில்பாதை ஒன்று 1898ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. ரோட்டன்போடன் நிலையத்தில் இறங்கிச் சிறிது தொலைவு கீழே நடந்தால் ரிஃபெல்சே என்னும் சிறிய ஏரியை அடையலாம். இது கடல் மட்டத்திலிருந்து 2,757 மீட்டர் உயரத்தில், மாட்டர்ஹார்னுக்குக் கிழக்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஏரிக்கரையில் மேற்கு நோக்கி நிற்பவருக்கு உதயஞாயிறு முதுகுப்புறம் இருக்கும். மலையின் கிழக்கு முகமோ முதற்கதிர்களை ஏற்றுச் செந்நிறம் கொள்ளும். படம் எடுப்போர் இவ்வேரியை நாடி வருவதற்கு இவ்வமைப்பே காரணமாகும்.

ஒளியின் நெறி

ஒரு பரப்பின்மீது விழும் ஒளிக்கதிர் எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் மீளும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த விதி. படுகோணமும் மீள்கோணமும் சமம் என்பதைப் பண்டைய கிரேக்க அறிஞர்களும் அறிந்திருந்தனர். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலில், இவ்விதியைத் தனிக்கருவி அமைத்துச் சோதிக்கும் முறையை விரிவாக எழுதினார். கண்ணுக்குத் தோன்றுவதை அவ்வாறே ஏற்றுக்கொள்ளாமல் சோதித்து அறிய வேண்டும் என்பது அவர் கொண்ட முறை.

இவ்விதியிலிருந்து கிடைக்கும் உண்மை ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. நீர்மட்டத்திற்கு ஒன்றரை மீட்டர் மேலே காமிரா இருப்பதாகக் கொள்வோம். நீரில் தெரியும் மலை, நீர்மட்டத்திற்கு ஒன்றரை மீட்டர் கீழே இருந்து நோக்கும் ஒரு கண்ணுக்கு மலை எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே தோன்றும். தலைகீழாகத் தோன்றுவது ஒன்றே வேறுபாடு. ஆகவே ஒரே படத்தில் இரு கண்களின் காட்சிகள் அடங்கியுள்ளன. ஒன்று நீருக்கு மேலுள்ள கண். மற்றொன்று நீருக்குக் கீழே இருப்பதாகக் கருதத்தக்க கண்.

இரண்டு அடையாளங்கள்

இவ்விரு காட்சிகளும் ஒன்றல்ல என்பதைக் காட்டும் அடையாளங்கள் இரண்டு.

முதலாவது மறைப்பு. நமக்கு 100 மீட்டர் தொலைவில், எதிர்க்கரையில், 5 மீட்டர் உயரமுள்ள பாறை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். காமிராவின் உயரம் ஒன்றரை மீட்டர். நேராக நோக்கும்போது, 8 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மலையில், நீர்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் வரையுள்ள பகுதியை அப்பாறை மறைக்கும். நீரில் நோக்கும்போதோ ஏறத்தாழ 520 மீட்டர் வரை மறைக்கும். கீழிருந்து நோக்கும் கண்ணுக்குப் பாறை உயர்ந்து தோன்றுவதே காரணம். மேலே தெரியும் பனிச்சரிவு ஒன்று கீழே காணாமற் போவதும், படகின் விளிம்புக்கு அடிப்புறம் நேரே தெரியாமல் நீரில் மட்டும் தெரிவதும் இதனாலேயே. தலைகீழாக்கி ஒட்டிய படத்தில் இவ்வேறுபாடு இராது. மேலும் கீழும் மயிரிழையும் பிசகாமல் ஒத்திருக்கும். அவ்வொப்புமையே அதன் பொய்மையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது ஒளிக்குறைவு. நீர் தன்மேல் விழும் ஒளி முழுவதையும் திருப்புவதில்லை. செங்குத்தாக விழும் ஒளியில் ஏறத்தாழ 2 விழுக்காட்டையே திருப்பும். எஞ்சியது நீருக்குள் சென்றுவிடும். கதிர் சாயச் சாயத் திரும்பும் பங்கு மிகும். ரிஃபெல்சேயிலிருந்து நோக்குவார்க்கு மாட்டர்ஹார்ன் உச்சி ஏறத்தாழ 12 பாகை உயரத்தில் நிற்கிறது. அக்கோணத்தில் வரும் ஒளியில் நீர் திருப்புவது ஏறத்தாழ 28 விழுக்காடு. அடிவானத்திற்கு 4 பாகை மேலுள்ள தாழ்ந்த சரிவிலிருந்து வரும் ஒளியிலோ ஏறத்தாழ 65 விழுக்காடு திரும்புகிறது. ஆகவே நீரிலுள்ள மலை மேலுள்ள மலையைவிட மங்கலாக இருக்கும். அதிலும் உச்சியை நோக்கிச் செல்லச் செல்ல மங்கல் கூடும். இதுவும் வெட்டி ஒட்டிய படத்தில் காணக்கிடைக்காத அடையாளமாகும்.

காற்றும் காலமும்

நீர்ப்பரப்பு சிறிது சாய்ந்தால், மீளும் கதிர் அச்சாய்வைப் போல் இருமடங்கு திரும்பும். எனவே மெல்லிய சிற்றலையும் பிம்பத்தை மேலும் கீழுமாக இழுத்து நீட்டிவிடும். கோடைக்காலத்து விடியற்பொழுதில் பெரும்பாலும் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறிச் சரிவுகள் சூடானபின் காற்று எழும். உயரத்திலுள்ள இவ்வேரி குளிர்காலத்தில் உறைந்துவிடுவதால், கோடையிலேயே இப்பயணத்தை மேற்கொள்ளல் வேண்டும்.

ஏரி முழுவதும் அமைதியுற வேண்டும் என்று பலர் காத்திருந்து காலத்தை இழப்பர். அது தேவையன்று. காமிரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருப்பின், 12 பாகை உயரத்திலுள்ள உச்சியின் பிம்பம் நமக்கு முன்னே ஏறத்தாழ 7 மீட்டர் தொலைவிலுள்ள நீரில் அமைகிறது. காமிராவை 30 சென்டிமீட்டர் உயரத்திற்குத் தாழ்த்தினால் அத்தொலைவு ஒன்றரை மீட்டருக்கும் குறைந்துவிடும். எட்டுக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மாமலையைக் காட்டுவதற்குக் காலடியில் சில மீட்டர் நீளத்து அமைதியான நீர் போதும். நடு ஏரியில் அலை எழும்போதும், பாறைகள் காற்றைத் தடுக்கும் கரையோரத்து மூலையிலும் மழைநீர் தேங்கிய பள்ளத்திலும் மலை முழுமையாகத் தெரிவது இதனாலேயே. காமிராவைத் தாழ்த்துவதால் பிம்பத்தின் ஒளி கூடும் எனச் சிலர் கருதுவர். தொலைமலையைப் பொறுத்தவரை அது தவறு. கோணம் மாறாததால் ஒளியும் மாறாது. மாறுவது பிம்பம் அமையும் இடமும் மறைப்பின் அளவுமே.

கருவியைக் கையாளும் முறை

விடியலின் குறைந்த ஒளியில் காமிராவை முக்காலியில் நிறுத்துதல் இன்றியமையாதது. லென்சை மலைக்கே குவியப்படுத்த வேண்டும். பிம்பம் நீர்ப்பரப்பின்மேல் தீட்டிய ஓவியம் அன்று. ஒளி மலையிலிருந்து நீருக்கு வந்து, நீரிலிருந்து லென்சுக்கு வரும் முழுத்தொலைவே அதன் தொலைவாகும். தானாகக் குவியும் காமிராக்கள் மிதக்கும் புல்லையோ சருகையோ பற்றிக்கொள்வதுண்டு. அப்போது மலை மங்கிவிடும். கரையோரக் கற்களும் தெளிவாக வேண்டுமெனில் லென்சின் துளையை எஃப் 11 அல்லது எஃப் 16 அளவுக்குச் சுருக்க வேண்டும்.

உச்சிக்கும் அதன் பிம்பத்திற்கும் உள்ள ஒளி வேறுபாடு ஒளிப்பட வழக்கில் ஏறத்தாழ இரண்டு 'ஸ்டாப்' ஆகும். மேற்பாதியின் ஒளியைக் குறைக்கும் படிநிலை வடிப்பானை இடுவோர் இவ்வளவைக் கடத்தல் கூடாது. கடந்தால், பிம்பம் மலையைவிட ஒளிமிக்கதாகி, இயற்கையில் இல்லாத ஒன்று படத்தில் ஏறிவிடும். 'போலரைசர்' எனப்படும் தளவிளைவு வடிப்பானையும் கருதிப் பயன்படுத்த வேண்டும். 1815ஆம் ஆண்டு டேவிட் புரூஸ்டர் கண்ட விதியின்படி, நீரின் செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 53 பாகையில் மீளும் ஒளியை இவ்வடிப்பான் முற்றிலும் தடுத்துவிடும். ஏரியின் அடியிலுள்ள கற்களைக் காட்ட அது உதவும். மலையின் பிம்பத்தை வேண்டுவோருக்கு அது பகையாகும்.

படம் என்னும் சாட்சி

இத்துணை நுணுக்கம் எதற்கு என்னும் வினா எழலாம். கார்ல்டன் வாட்கின்ஸ் என்னும் அமெரிக்கர், 1861ஆம் ஆண்டு, 18 அங்குலத்திற்கு 22 அங்குலம் அளவுள்ள கண்ணாடித் தகடுகளைச் சுமந்துசென்று யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைப் படமெடுத்தார். மலைகளும் அவை நீரில் தெரியும் காட்சிகளும் அவர் படங்களில் இடம்பெற்றன. 1864ஆம் ஆண்டு அப்பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்கென்று காக்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டார். லிங்கன் அவ்விடத்திற்குச் சென்றவர் அல்லர். வாட்கின்சின் படங்கள் அச்சட்டத்திற்குத் துணைநின்றன என்பது வரலாற்றறிஞர் கருத்து. காணாத இடத்தைக் காக்கலாம் என்று மக்கள் துணிவதற்கு, படத்தின்மேல் வைத்த நம்பிக்கையே அடிப்படை.

அந்நம்பிக்கை ஒளிப்படக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளாகும். கற்பனையாகப் படம் வரைவது குற்றமன்று. வரைந்ததைக் கண்டதாகக் கூறுவதே குற்றம். பனிமலைகளும் பனியாறுகளும் உருகிச் சுருங்கிவரும் இக்காலத்தில், இன்று எடுக்கப்படும் மலைப்படம் நாளைய தலைமுறைக்கு ஆவணமாகும். அவ்வாவணத்தில் மேற்பாதி உண்மையாகவும் கீழ்ப்பாதி புனைவாகவும் இருப்பின், பின்வருவோர் முழுப்படத்தையும் ஐயுறுவர்.

மாணவர்கள் தம் ஊர்க் குளக்கரையிலேயே இதனைச் சோதித்து அறியலாம். முதலில் நின்றும் பின்னர் அமர்ந்தும் ஒரே மரத்தை நீரில் நோக்குக. அதன் பின்னுள்ள கட்டடம் எவ்வளவு மறைகிறது என்பதைக் குறித்துக்கொள்க. பார்ப்பவர் எங்கே நின்றார் என்பதை நீர் எவ்வளவு நேர்மையாகக் கூறுகிறது என்பது அப்போது விளங்கும். அந்நேர்மை படத்திலும் இருத்தல் வேண்டும்.